தொடக்கத்தில் ஓடும் வரி

கம்பியூட்டரைப் போட்டுப் புள்ளிவிபரப் புரோகிராமைத் திறந்ததும் முதல் வேலையாக வீடுகளை எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் போய்விட்டன. நேற்றுப் பின்னேரம் ஆயிரத்துக்கு மேல் வைத்துவிட்டுப் போனவை, இன்று காலை நாற்பதுகூட இல்லை. எனக்கு மண்டை விறைத்தது. போன மாரியில் கூரை பறந்த வீடுகள் அவை. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் சேற்றில் நடந்து, வாசல் வாசலாக நின்று கேட்டு எழுதி, நானே விரல் தேயத் தேய அடித்து ஏற்றியவை. இந்த லிஸ்ட்டில் இருந்தால்தான் கூரைத் தகடு. இல்லையென்றால் அடுத்த மாரிக்கும் வானம்தான் கூரை.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு தொடக்கக் கோப்பு உண்டு. திறக்கும்போதே, ஆரும் கேட்காமல், அதிலுள்ள கட்டளைகள் வரிசையாக ஓடிவிடும். எண்பத்தெட்டில் கல்முனையில் இந்தத் திட்ட அலுவலகம் திறந்தபோது அதை எழுதியது நான்தான். வீடுகளின் விபரக் கோப்பைத் திற, தசமத்துக்குப் பின்னால் ஓர் இலக்கம் போதும், பக்கம் பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி வரட்டும், பதில் இல்லாத இடத்தைச் சைபராக எடுக்காதே. தினமும் அதையே அடித்துச் சாகவேண்டாமே என்று செய்தது. இப்போது அதன் அடியில் நான் எழுதாத ஒரு வரி கிடந்தது: வீட்டுச் சொந்தக்காரரும் குடும்பத் தலைவரும் ஒரே ஆள் இல்லையென்றால், அந்த வீட்டை விட்டுவிடு. மூன்று நாளாக நான் அதை அழிக்கிறேன். மூன்று நாளாகப் பொறுப்பதிகாரி ஷரிபுதீன் சேர் அதைத் திருப்பிப் போடுகிறார்.

இந்தக் கரையில் வீடு ஆருடையது? பொம்பிளைப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பாமார் கல் அரிந்து அடுக்குவது ஆருக்காக? வீடு மகளுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியிருப்பவர். ஆனால் குடும்பத் தலைவர் ஆரென்று கேட்டால் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைத்தான் சொல்வாள், மரியாதைக்கு. அந்த மரியாதையைப் பிடித்து இந்த ஒற்றை வரி ஊரையே துடைத்துவிடுகிறது. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறவனுக்கு இது விளங்காது, சரி. சேர் மாளிகைக்காட்டில் பெண்சாதியின் வீட்டில் பதினைந்து வருஷமாகச் சோறு தின்கிறவர். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"சேர், அந்த வரியத் திரும்பவும் போட்டிரிக்கீங்க."

"ஓம்." தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். "சொந்தக்காரர் வேற, தலைவர் வேற எண்டா கொழும்பில ஏத்துக்க மாட்டாங்க புள்ள. துப்பரவான லிஸ்ட்டுதான் போகணும்."

"வீடே இல்லாத லிஸ்ட்டு துப்பரவாத்தான் இரிக்கும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஏதாவது எடுத்து எறியலாம் போல இருந்தது.

"சொந்தக்காரர் எண்ட இடத்தில புருஷன்ட பேரப் போட்டு உடு. எல்லா வீடும் திரும்பி வந்திரும். ஒன்ட தங்கச்சிட வீடும் அதில இரிக்கிதானே? அதுக்குத்தானே இந்தத் துள்ளல்?"

இருக்கிறதுதான். தங்கச்சி சபூறாவின் வீட்டையும் நான்தான் பதிந்தேன். ஆயிரம் பெண்களுக்காக வாய் திறந்தால், தங்கச்சிக்காகத் துள்ளுகிறாள் என்று அதை ஒரே அமுக்காக அமுக்கிவிடலாம் அல்லவா? கூரைத் தகட்டுக்கான கடிதம் எவர் பேரில் வருகிறதோ, அவர்தான் சொந்தக்காரர் என்று நாளைக்குக் கிராம அதிகாரியான விதானையும் சொல்வார். சபூறாவின் புருஷன் காலிதீன் கோமாரிக் கடற்கரையில் மீன்வாடி போட்டிருக்கிறான். அங்கே இன்னொருத்தியும் இருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். அவன் பேரில் கடிதம் வந்தால் வீட்டை விற்றுவிட்டுப் போக அவனுக்கு எவ்வளவு நேரம்?

பகல் சாப்பாட்டு நேரத்தில் சபூறாவிடம் போனேன். அறைக்கு மேலே கிழிந்த படங்குச் சீலையைக் கட்டியிருந்தாள். அதில் தேங்கின தண்ணீரைத் தும்புத்தடியால் தள்ளி முற்றத்தில் ஊற்றிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டாள்.

"அவர்ர பேரயே போடு ராத்தா."

"ஒனக்கென்ன விசரா? அவன் நாளைக்கு அந்தக் கோமாரிக்காரிய இஞ்ச கொண்டுவந்து வெச்சா, புள்ளையளோட நீ எங்க போவாய்?"

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாப்பம். மழ இண்டைக்குப் பெய்யிது."

பளார் என்று ஒன்று விடலாம் போலிருந்தது. பிள்ளையின் ஈரத் தலையணையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தலையணையின் மறுமுனையைப் பிடித்து நானும் முறுக்கிவிட்டு வந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன், காலிதீனைத் திட்டினேன், ஷரிபுதீனின் ஏழு தலைமுறையைத் திட்டினேன். பிறகு பார்த்தால், திட்டு வாங்கவேண்டிய அந்த வரி மட்டும் சொகுசாகத் தன் இடத்தில் இருந்தது.

இந்த முறை அதை நான் அழிக்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரி எழுதினேன். அச்சாகும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு தலைப்பைப் போடச் சொல்லி அந்தப் புரோகிராமுக்குக் கட்டளை கொடுக்கலாம். இதுவரை எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கொழும்புக்காரனுக்கு விளங்கும்படி ஆங்கிலத்திலேயே அடித்தேன்: பெண்களுக்குச் சொந்தமான வீடுகள் நீக்கப்பட்டுள்ளன, உத்தரவு எம். ஷரிபுதீன். வேலை போனால் போகட்டும் என்று புரோகிராமை மூடித் திரும்பத் திறந்து, முழு அறிக்கையையும் பிரிண்டருக்கு அனுப்பினேன்.

அறிக்கையைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஜீப் வாசலில் வந்து நின்றது. சேர் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருந்த தாளின் நுனியைப் பிடித்து வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"என்ன புள்ள இது?"

"ஒங்கட வரி என்ன செய்யிதெண்டு எழுதியிரிக்கன், சேர். பொய்யெண்டாச் சொல்லுங்க."

"என்ட பேர என்னத்துக்குப் போட்டாய்?"

"வரி ஒங்கடதானே?"

"அழி இத. இப்பவே அழி!"

தொடக்கக் கோப்பைத் திரையில் எடுத்து, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"ரெண்டு வரி இரிக்கி சேர். எத அழிக்க?"

வெளியே ஜீப்காரன் ஹோர்ன் அடித்தான். சேர் நின்றபடியே வாசலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிரிண்டர் எவருக்கும் காத்திருக்காமல் கறகறவென்று அடித்துக்கொண்டே போனது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் அவர் பேரோடு, தாள் மடிப்பு மடிப்பாக அவருடைய சப்பாத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.