கடைசிச் சொல் மக்களுக்கு

ராப் பாடகர் கொண்டல் ஒரு வாக்கியத்தை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிச் சொல்லை மக்கள் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

மேடையில் அவர் வரியின் கடைசிக்கு வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். முப்பதாயிரம் பேர் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். நாளடைவில் மைக்கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. பிறகு மேடையும் வேண்டியிருக்கவில்லை.

வங்கியில் அவர் தன் முகவரியைச் சொல்லத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் "கடல்" என்று முடித்தார்கள். அது அவருடைய மூன்றாவது பாட்டின் சொல். அன்றிலிருந்து அவருக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் இடுப்பளவு நீரில் இறங்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். மருத்துவரிடம் வலிக்கிற இடத்தைச் சொல்லப் போனபோது காத்திருந்த நோயாளிகள் "ஊரு பூரா" என்றார்கள். மருத்துவர் ஊர் முழுவதற்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார். டீக்கடையில் "ஒரு டீ, சீனி" என்று அவர் இழுத்தால் பெஞ்சில் இருப்பவர்கள் "தூக்கலா" என்பார்கள். நான்கு ஆண்டுகளாகப் பாகு போன்ற டீயைக் குடித்துவருகிறார்.

இதையெல்லாம் வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு பாட்டுகள். ஷார்ஜாவிலும் டொரண்டோவிலும் நிகழ்ச்சிகள். டொரண்டோவில் அவர் பாடுவதற்கு ஒன்பதரை மணி நேரம் முன்பே இங்கே மக்கள் கடைசிச் சொற்களைச் சொல்லி முடித்திருந்தார்கள். துறைமுகத்தின் பெரிய கிரேனில் அவர் முகத்தை வரைந்தார்கள். கப்பல்கள் அந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டு, பிறகு சரக்கு இறக்கின.

புதன்கிழமை காலையில் லிகோரி வந்தான்.

கொண்டல் அவனை நான்கு ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. முதல் மூன்று பாட்டுகளில் கடைசிச் சொல் லிகோரியுடைய வேலை. கொண்டலுக்கு மூச்சு குறைவு. வரியின் முடிவில் லிகோரி புகுந்து அந்தச் சொல்லைச் சொல்வான். அந்த இடைவெளியில் கொண்டல் மூச்சை இழுத்துக்கொள்வார். கோயில் திருவிழாவில் ஒருமுறை லிகோரிக்கு மஞ்சள்காமாலை. வர முடியவில்லை. மூச்சு முட்டிய கொண்டல், வேறு வழி தெரியாமல் மைக்கைக் கூட்டத்திடம் நீட்டினார். கூட்டம் லிகோரியைவிடச் சத்தமாகச் சொன்னது. அடுத்த நிகழ்ச்சிக்கு லிகோரியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவர் கொண்டல்.

லிகோரி நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி அதைப் பொருட்படுத்தவில்லை.

"பஸ்ஸு எனக்கு நிக்க மாட்டேங்குதுல. நின்னாலும் கண்டக்டர் மத்தவங்கள என்னயத் தாண்டித்தான் ஏறச் சொல்லுதாரு."

முதல் பாட்டின் அட்டைப்படத்தைக் காட்டினான். அதில் கொண்டலின் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்குப் பின்னால் ஆள் இல்லை. போன மாதம் வரை முழங்கை இருந்ததாம்.

அவனுக்கு ஒரு அறிவிப்பு வந்திருந்தது. இருப்புப் பதிவு அலுவலகம் அனுப்பியது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள், ஊரறிந்த ஒருவர் நேரில் வந்து, லிகோரி என்று ஒருவன் இருப்பதாக ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். தவறினால் அவன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று பதியப்படும். கடிதம் பணிவாக எழுதப்பட்டிருந்தது.

லிகோரிக்குத் தெரிந்தவர்களில் ஊரறிந்தவர் ஒருவர்தான்.

கொண்டல், கட்டாயம் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் "அலை" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அலுவலகத்துக்குப் போனார்கள். கொண்டல் வெளியே கிளம்பினால் மக்கள் வருவது வழக்கம். அன்றும் வந்தார்கள். அலுவலகத்தின் தாழ்வாரம் பன்னிரண்டு அடி நீளம். உள்ளே வந்தவர்கள் இரு சுவர்களையும் ஒட்டி ஒழுங்காக நின்றார்கள். இடம் போதாததால் தாழ்வாரம் நீண்டது. ஒரு ஆளுக்கு ஒரு அடி. கடைசியில் இருந்த மேசை ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

மேசையில் இருந்த எழுத்தர் சங்கரகோமதி, விதிகளைச் சொல்வதற்காக வாசல் வரை நடந்து வந்தார். வந்து சேர நேரம் பிடித்தது. வாக்கியத்தை வாசலில் தொடங்கி மேசையில் முடிக்க வேண்டும் என்றார். கொண்டல் ஒரு தாளையும் பேனாவையும் காட்டினார்.

"எழுத்து செல்லாது சார். எழுதுதவங்க எதை வேணா எழுதிருதாங்க."

சங்கரகோமதி மேசைக்குத் திரும்பி நடந்தார். மணி மூன்று நாற்பது.

கொண்டல் மக்களைப் பார்த்தார். எல்லோரும் அன்பாக, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் மூச்சு விடும் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். அங்கேதான் அவர்கள் நுழைவார்கள். வேறெங்கும் நுழைந்ததில்லை. இது இத்தனை நாள் தனக்குத் தோன்றாததை நினைத்து அவர் வெட்கப்பட்டார். பிறகு நெஞ்சு கொள்ளும் அளவுக்குக் காற்றை இழுத்தார். லிகோரியின் மணிக்கட்டைப் பிடித்தார். நடந்தார்.

"இவன் லிகோரி, ஐஸ் பேக்டரிக்குப் பின்னால வீடு, இடது கால்ல ஆணி, செருப்ப மாத்திப் போட்டாலும் தெரியாது, துறைமுகத்துல ரெண்டு பேரும் கண்டெய்னர் நம்பர் எழுதுனோம், நம்பரத் தாளம் போட்டுப் படிப்பான், அதக் கேட்டுத்தான் எனக்குப் பாட்டு வந்துச்சு, நான் அத எந்தப் பேட்டியிலயும் சொல்லல, எனக்கு மூச்சு பத்தாதுன்னு எனக்கு முன்னாடி கண்டுபிடிச்சவன், நான் திணறுனது வெளிய தெரியாம மூணு வருசம் பாத்துக்கிட்டவன், காமாலையில படுத்திருந்தப்ப நான் போகல, போன் பண்ணல, அடுத்த வாரம் மேடையில எடம் இருந்துச்சு, நான் கூப்பிடல, இவன் இல்லாம எனக்கு நல்லாத்தான் போச்சு, அதனால இவன் இல்லன்னு ஆயிராது, இவன்"

மேசைக்கு இன்னும் நான்கு அடி இருந்தது. காற்று தீர்ந்துவிட்டது. இரு சுவர்களிலும் வாய்கள் அகலத் திறந்தன.

"இருக்கான்" என்றான் லிகோரி.

அவன் யோசித்துச் சொல்லவில்லை. கொண்டலுக்கு எந்த இடத்தில் மூச்சு நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். பழைய வேலை. கூட்டத்தைவிட அரை நொடி முந்திவிட்டான்.

இருவரும் மேசையைத் தொட்டார்கள். சங்கரகோமதி பேனாவைத் திறக்கவில்லை.

"கடைசிச் சொல்லு சாட்சி சொல்லலயே. சொன்னது யாரு?"

பதில் ஒரே சொல். அது மக்களுக்கு உரியது. மக்கள் வாயைத் திறந்தார்கள். பெயர் வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதுதான் முழுக் கதையையும் கேட்டிருந்தார்கள். ஆனாலும் அதில் எது அவன் பெயர் என்று ஒருவருக்கும் நினைவில்லை. வாக்கியத்தின் முதலில் வருவதைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்குப் போய்விட்டிருந்தது.

கொண்டல் நிதானமாக மூச்சு இழுத்தார். யாரும் குறுக்கே வரவில்லை.

"லிகோரி."

சங்கரகோமதி எழுதினார். முத்திரை குத்தினார். லிகோரி கொண்டுவந்து மேசைமேல் வைத்த அட்டைப்படத்தில் கைக்குப் பின்னால் முழங்கை வந்தது, பிறகு சட்டை, பிறகு லிகோரி.

"சாட்சி பேரு?"

"கொண்டல்" என்றார்கள் மக்கள். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"கொண்டல்னா கீழ்க்காத்து. காத்தோட பேர எழுத முடியாது. வீட்ல வச்ச பேரு சொல்லுங்க."

மக்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. கொண்டல் வாயைத் திறந்தார். அவருக்கும் வரவில்லை. நான்கு ஆண்டுகளாக அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அந்தப் பெயரில் வந்த கடிதங்கள் எல்லாம் கடலில் இருந்தன. மணி நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

லிகோரி சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"ரெமிஜியஸ்" என்றான். "நாங்க ரெமின்னுதான் கூப்பிடுவோம்."

சங்கரகோமதி அதையும் எழுதினார். பேனாவை மூடினார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கொண்டல் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். இப்பதான் இங்க நின்னாரு என்றார் ஒருவர். எக்கிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் ரெமிஜியஸின் தோளைத் தொட்டு, மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொண்டார். ரெமிஜியஸ் தள்ளி நின்றான். அவர்கள் தேடிக்கொண்டே படியிறங்கித் துறைமுகத்தின் பக்கம் போனார்கள். கிரேனில் முகம் இருந்தது. அதன் கீழே நின்று காத்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

தாழ்வாரம் பன்னிரண்டு அடி இருந்தது. இருவரும் வெளியே வந்தார்கள். பேருந்து ஒன்று லிகோரிக்காக நின்றது. அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான்.

எதிர்ப்பக்கம் டீக்கடை. பெஞ்சில் யாரும் இல்லை. லிகோரி தனக்கு ஒரு டீ சொன்னான். பிறகு டீ மாஸ்டர் ரெமிஜியஸைப் பார்த்தார்.

"ஒரு டீ" என்றான் ரெமிஜியஸ். "சீனி"

மூச்சு இழுத்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. லிகோரி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீனி?" என்றார் மாஸ்டர்.

ரெமிஜியஸ் யோசித்தான். தனக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றார்.