ஐஸ் தட்டில் ஆறு குப்பி

ஜான்ரோஸ் வீட்டுக்குக் கரண்டு பில் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை சர்க்கார் இலவசமாகத் தருகிறதல்லவா, அந்த நூறுக்குள் ஒரு வீட்டையே அடக்கிக் காட்டிய மனிதர் நெய்யூர்ப் பக்கத்தில் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். ஒரே ஒரு பல்பு. ஒரே ஒரு ஃபேன், அதுவும் ராத்திரிக்கு மட்டும். மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை, "இந்த வீட்டுல ஆள் தாமசம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தார் ஜான்ரோஸ்.

சும்மா சொல்லக்கூடாது, அவருக்கும் வேறு வழியில்லை. முப்பத்துநாலு வருஷம் அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பெண்களின் சோற்றுவாளியைத் திறந்து பார்த்து, யார் பருப்பு கடத்துகிறாள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம். வாளியைக்கூடப் பார்க்க வேண்டாம், மூஞ்சியைப் பார்த்தாலே போதும் என்று பீற்றிக்கொள்வார். ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணம் மகன் எபினின் கத்தார் விசாவுக்குப் போயிற்று. எபினுக்கு அங்கே பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கவே மூச்சு முட்டுகிறது. மிச்சம் இருப்பது மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் பென்ஷனும் வீட்டுக்குப் பின்னால் ஆறு தென்னையும்தான். இதில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும், மனைவி நேசபாய்க்கு இன்சுலினும் வாங்க வேண்டும்.

ஆகவே அந்த வீட்டில் சோப்பை நாலாக வெட்டித்தான் வெளியே எடுப்பார்கள். வெயில் ஏறி மீன்காரிகள் விலையைத் தாழ்த்துகிற நேரம் பார்த்துத்தான் சந்தைக்குப் போவார். தென்னைமட்டையும் காய்ந்த பாளைக் கொதும்பும் பொறுக்கி எரித்ததில் ஒரு காஸ் சிலிண்டர் ஏழு மாதம் ஓடியது. டிவியை விற்றாயிற்று. அடங்காமல் நின்றது பிரிட்ஜ் ஒன்றுதான். விற்கவும் முடியாது, இன்சுலின் இருக்கிறது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காலை ஆறு மணிக்கு பிரிட்ஜை அணைத்துவிடுவது, சாயங்காலம் ஆறுக்குப் போடுவது. பகலெல்லாம் மருந்து சூடாகிவிடாதா? அவர் என்ன முட்டாளா! தள்ளுபடி விலையில் நாகர்கோவிலில் மொத்தமாக வாங்கி வந்த ஆறு குப்பிகளையும் மேலே ஐஸ் தட்டுக்குள் திணித்து வைத்தார். ராத்திரி முழுக்க உறையும், பகல் முழுக்க அந்தக் குளிர் நிற்கும். காலையில் ஒரு குப்பியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி இளகவைத்து, ஊசியில் ஏற்றி அவரே நேசபாய்க்குப் போட்டுவிடுவார். அவளுக்குக் கண் மங்கிப்போய்விட்டது, கோடும் எண்ணும் தெரியாது. மருந்து எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவர் ஒருத்தருக்கே தெரிந்த விஷயம்.

அந்த முறைதான் முதல்முதலாக பில் பூஜ்யம் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதம் நேசபாயின் சுகர் முந்நூறைத் தாண்டியது.

டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். கூட்டிப் போட்டும் இறங்கவில்லை. ஜான்ரோஸுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது.

"ஏட்டி, நீ களவா என்னமோ திங்க. என்னதுன்னு சொல்லு."

"கர்த்தர் அறிய நான் ஒண்ணும் திங்கேல."

"எத்தன களவாணி மூஞ்சிய பாத்தவன் நான்! எனக்க கிட்டயா மறைக்க?"

தலையணை உறைக்குள் தேடினார். பீரோவில் சேலைகளை உதறிப் பார்த்தார். ஒருநாள் அவளை வாயைத் திறக்கச்சொல்லி மோந்துகூடப் பார்த்தார். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். அவள் வாயைத் திறந்து காட்டினாள். காட்டும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அதையும் அவர் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுத் தாணம்மாளிடம் போய், தன் மனைவிக்குப் பலகாரம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"நான் என்னத்துக்கு அண்ணாச்சி குடுக்கேன்? அவ காப்பியே சீனி போடாமதான குடிக்கா," என்றாள் தாணம்மாள்.

இவளும் கூட்டு என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினார்.

அன்றிலிருந்து நேசபாய் சோற்றை விட்டாள். பிறகு தோசையையும் விட்டாள். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டு கிடந்தாள். ஜாக்கெட் தோளைவிட்டு நழுவியது. அப்படியும் சுகர் நானூறு. இந்தச் சமயத்தில்தான் கொல்லையில் ஒரு முள், தேய்ந்த செருப்பைத் துளைத்து அவள் பெருவிரலில் ஏறியது. காலில் உணர்ச்சி இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் விரல் கறுத்திருந்தது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே, வீட்டில் போட்ட அதே அளவு மருந்துக்கு இரண்டே நாளில் சுகர் நூற்றறுபதுக்கு இறங்கியது. ஆனால் கால் காத்திருக்கவில்லை, கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துதான் ஆகணும். அதிருக்கட்டும், இங்க போட்டா கேக்குற மருந்து வீட்டுல ஏன் கேக்கல? எங்க வச்சிருந்தீங்க?"

"பிரிட்ஜுலதான்."

"ஐஸ் வைக்கிற இடத்துல இல்லையே? ஒரு தடவ உறைஞ்சாலே போச்சு. அதுக்கப்புறம் அத நம்பிப் போடவே கூடாது, வெறும் தண்ணியப் போட்ட மாதிரிதான்."

"இல்ல டாக்டர். கதவுல உள்ள தட்டுலதான் வச்சிருந்தேன்."

அண்டியாபீஸ் கேட்டில் நின்ற இத்தனை வருஷத்தில், இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்ன ஒருத்தியை அவர் பார்த்ததில்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவர் முதலில் பிரிட்ஜைத்தான் திறந்தார். மிச்சம் இரண்டு குப்பி, மேலெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன. மருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை அன்றுதான் முதல்முறையாகப் பிரித்தார். எல்லாம் இருந்தது. உறைய விடாதீர்கள், உறைந்ததைப் பயன்படுத்தாதீர்கள் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. வேதப்புத்தகத்தில் அதைவிடப் பொடி எழுத்தைத் தினமும் வாசிக்கிற மனிதர் அவர். குப்பிகளைத் தென்னைமூட்டில் குழி தோண்டிப் புதைத்தார். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஆப்பரேஷனுக்கு முன்னால் சொன்னால் பயந்துவிடுவாள், முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்.

ஆப்பரேஷன் முடிந்தது. முதல் நாள் அவளுக்கு நினைவே சரியாக இல்லை. இரண்டாம் நாள் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வலி கொஞ்சம் அடங்கி, கண் திறந்து அவரைத் தேடினாள். அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தார். மூன்று நாளாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று பயம். இப்போது சொல்லிவிடலாம் என்று அவர் நிமிர்ந்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க. எனக்க மேல கோவமா?"

அவர் தலையை அசைத்தார். ஆம் என்றா இல்லை என்றா, அவருக்கே தெரியாது. அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ!

"கோவம் இருக்கும். நீங்க சொன்னதுதான் சரி. நான் தின்னேன். களவாத்தான் தின்னேன்."

"எப்ப?" அவரையும் மீறி, பழைய கேட் குரலில் கேட்டுவிட்டார்.

"அது... தாணம்மாளுக்க வீட்டுல. முந்திரிக்கொத்து. ரெண்டு மூணு நாளு." தட்டுத்தடுமாறித் தேடித் தேடிச் சொன்னாள். "ஆச அடங்கேல. எனக்க தப்புதான். இனி உங்களுக்குத்தான கஷ்டம், என்ன தூக்கணும் எடுக்கணும். எனக்கிட்ட பேசாம இருக்காதீங்க."

பொய். அவள் மூஞ்சியைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் இவ்வளவு நிச்சயமாக அவருக்கு எதுவும் தெரிந்ததில்லை. அவர் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்பதற்காக, தின்னாத பலகாரத்தைத் தின்றதாக ஒப்புக்கொள்கிறாள். வயிறு காய்ந்து கிடந்தவள். சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் இல்லை என்றும் அவருக்குத் தெரிந்தது.

"மன்னிச்சிட்டியளா?" என்று கையை நீட்டித் துழாவினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ம். போனது போச்சு. இனி தின்னாத."

"இனி திங்கமாட்டேன்," என்றாள் நேசபாய். கொஞ்ச நேரத்தில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.