அங்கே நிக்கோணும்

ஃப்ரீசர் பெட்டியின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் சுவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஜங்ஷன் பாக்ஸ் ஏதாச்சு இருக்குதுங்களா?" என்று கேட்டான்.

அன்புக்கரசி மாடி அறைக்குப் போய் ஒன்றை எடுத்துவந்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் 'டிரம்ஸ். எவனும் புடுங்காதே' என்று சாமுவேலின் கையெழுத்து. டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் அவன் வாசித்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடாவிட்டால் அவன் குச்சியைத் தொடமாட்டான். அவள் பிளக்கைச் செருகினாள். பெட்டி ஒருமுறை குலுங்கி உறும ஆரம்பித்தது. உள்ளே அவள் அண்ணன் சாமுவேல் படுத்திருந்தான்.

விடிந்ததும் டயாலிசிஸுக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூ மாட்டியவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். மூன்று வருடமாகக் கிட்னிக்கு ஓடிக்கொண்டிருந்த வீடு, ஓடவேண்டிய இடம் இல்லாமல் நடுக்கூடத்தில் நின்றது.

சட்டை விஷயத்தில் ஏற்கெனவே ஒரு சமரசம் ஆகியிருந்தது. அவன் டிரம்ஸ் வாசித்த பேண்டின் கறுப்பு டீ-ஷர்ட்டைத்தான் போடவேண்டும் என்று கிட்டார்காரன் தாரிக் நின்றான். அதில் மண்டை ஓடு இருந்ததால் பாஸ்டர் ஒப்பவில்லை. கடைசியில் டீ-ஷர்ட்டைப் போட்டு, மேலே வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது கர்த்தருக்குத் தெரியும், சபைக்குத் தெரியாது.

பேண்டின் பெயர் 'ஏழரை'. முதல் பாட்டு ஏழரைத் தட்டில் ஓடியதால் அந்தப் பெயர். வேறு காரணங்களும் பொருந்துவதாக அப்பா ஐயாசாமி சொல்வார். அந்தக் காலத்தில் ஒரு பாட்டு பதினோரு நிமிடம் வரும். அதற்குள் தாளம் எத்தனை தடவை மாறும் என்று வாசிப்பவர்களுக்கே சண்டை வரும். கோயமுத்தூர்க் காலேஜ் விழாக்களில் தலையை ஆட்ட வந்த பையன்கள் எந்த இடத்தில் ஆட்டுவது என்று தெரியாமல் கழுத்துச் சுளுக்கோடு வீடு திரும்பினார்கள். அப்பா ஒரே ஒரு கச்சேரிக்கு வந்தார். முன்வரிசையில் எட்டு நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம், "பாட்டு எப்ப கண்ணு ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

பிறகு சாமுவேலின் இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டதுபோல் உள்ளே உறுமும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ஓங்கி அடிக்கக் கூடாது. மூன்றாவது நிமிடத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

பாட்டுகளை எழுதிப் பாடுகிறவள் அன்புக்கரசி. அவள் அடுத்துக் கொண்டுவந்த பாட்டு மூன்று நிமிடம், நாலு தட்டு, மூன்று கார்டு. 'மெதுவா போலாம்' என்று பெயர். சாமுவேல் அதை ஒருமுறை கேட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"எனக்காகவா அம்மணி?"

"உனக்காக எதுக்கு? எனக்கு நாலு பேரு கை தட்டோணும். எத்தன நாளைக்குக் கழுத்துச் சுளுக்கு வந்தவனுக்கே வாசிக்கறது?"

"அப்பச் செரி" என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

பாட்டு ஓடியது. கல்யாண வீடியோவில் வந்தது, காதுகுத்தில் வந்தது, சோமனூர் பஸ்ஸில் வந்தது. பழைய ரசிகர்கள் 'ஏழரைக்கு ஆழ்ந்த இரங்கல்' என்று கமெண்ட் போட்டார்கள். இன்று காலை அதே ஆட்கள் அதே வார்த்தையை மறுபடி போட்டிருந்தார்கள். ஒருவர் பழையதையே காப்பி எடுத்து ஒட்டியிருந்ததுபோல் தெரிந்தது.

சாமுவேல் மட்டும், "நான் செத்தா அந்தப் பாட்டப் போட்டுத் தொலச்சிராதீங்க. பொட்டியத் தட்டி எந்திரிச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடிந்ததில்லை.

பத்து மணி வாக்கில் சபையின் வாலிபர் தலைவன் பிரவின்குமார் கிட்டாரோடு வந்தான்.

"அக்கா, கல்லறைத் தோட்டத்துல நம்ம பசங்கெல்லாம் சேந்து 'மெதுவா போலாம்' பாடிர்றோமுங்க. 'கண்ணு'ன்னு வர்ற எடத்துல மட்டும் 'கர்த்தரே'ன்னு மாத்திப்போட்டேன். கரெக்டா உக்காருதுங்க."

"அது வேண்டாம் பிரவின்."

"ஏனுங்க்கா? அண்ணன் வாசிச்ச பாட்டுல ஜனங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்களே."

"அவனுக்குப் புடிக்காது."

"புடிக்காமயா அத்தன மேடையில வாசிச்சாப்டி?"

தாரிக் சுவரோரம் இருந்து, "டேய், அவன் எந்திரிச்சு வந்து ஒன்னைய அடிப்பான்டா" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த அம்மா வள்ளியாத்தாள் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த அப்பாதான், "பாடட்டும் அம்மணி" என்றார்.

அன்புக்கரசி எழுந்து பின்பக்கம் போனாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்து சும்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். குழாயை மூடினார். தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டு எந்த நிலையிலும் அவரால் சும்மா இருக்க முடியாது.

"அதுல என்ன கண்ணு உனக்கு?"

"அந்தப் பாட்டு அவன் ஒடம்புக்குத் தக்கன எழுதுனதுங்ப்பா. அதுகூட அவனால முடியல. தப்பா வாசிச்சான். மண்ணுக்குள்ள போற நேரத்துலயும் அதயே அவனுக்குக் கேக்க வெக்கோணுமா?"

"எங்க தப்பு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள். பல்லவி முடிந்து 'மெதுவா' என்று திரும்ப எடுக்கிற இடத்தில் ரெக்கார்டிங் அன்று அவன் கை அரைத் தட்டு தாமதித்தது. மூன்று தடவை வாசித்தான், மூன்று தடவையும் தாமதித்தது. கை சோர்ந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் கீழே டீ குடிக்கப் போன சமயத்தில், ரெக்கார்டிங் ஆளிடம் கம்ப்யூட்டரில் அதை இழுத்துச் சேர்த்துச் சரிசெய்யச் சொன்னாள். பாட்டு வெளிவந்த அன்று அவன் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்குது" என்றான், அவ்வளவுதான். மேடையிலும் அந்த இடத்தில் தாமதித்தான். மேடையில் இழுத்துச் சேர்க்க முடியாது. அவள் முந்தின வார்த்தையைக் கொஞ்சம் நீட்டிப் பாடி, யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்தாள். கடைசிக் கச்சேரிவரை மறைத்தாள்.

அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலால் கல்லைத் தட்ட ஆரம்பித்தார். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்ட மனுஷன், ஆரம்பத்திலிருந்து தட்டினார். பல்லவி முடிந்தது. விரல் காற்றில் நின்றது. பிறகு விழுந்தது.

"இங்கயா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அங்க நிக்கோணும் கண்ணு. தப்பில்ல அது. ஆஸ்பத்திரியில ஊசி குத்திப்போட்டுப் போயிருவாங்க, நாலு மணி நேரம் அவன் வேற என்ன பண்ணுவான்? சோத்தாங்கையில கட்டல் கம்பியத் தட்டிக்கிட்டே கெடப்பான். ஒவ்வொருக்காவும் அந்த எடத்துல நிப்பான். பக்கத்துக் கட்டல்காரரு ஒருக்கா வைதுகூடப் போட்டாரு. ஏன்டா நிறுத்தறேன்னு நானுங் கேட்டேன்."

"என்னங்ப்பா சொன்னான்?"

"அம்மணி கண்டுபுடிக்கறாளான்னு பாக்கறேன்னான்."

மூடிய குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"எப்பச் சொன்னான்?"

"எப்பவும் சொல்லுவான். போன வாரங்கூடச் சொன்னான்." அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உனக்குத் தெரிஞ்சிருக்கும், நீ தெரியாத மாதிரி இருக்கறேன்னு நான் நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் சின்னதுலருந்தே அப்படித்தான?"

அவர் உள்ளே போய்விட்டார். அன்புக்கரசி கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழரையில் ஏழு தட்டை அவள் வெட்டி எறிந்திருந்தாள். மிச்சம் இருந்த அரையை அவன் அவளுக்காக எடுத்து வைத்திருந்தான். அதையும் அவள் ஆள் வைத்து இழுத்துச் சேர்த்துவிட்டாள். பாட்டுக் கேட்கிற காதை எங்கேயோ வைத்துவிட்டு, அவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கேட்கிற காதைத்தான் அவள் இத்தனை நாளும் வைத்திருந்தாள்.

கூடத்துக்கு வந்து, "பாடுங்க பிரவின்" என்றாள்.

"தேங்க்ஸுங்க்கா. கர்த்தரேன்னு—"

"என்னமோ போட்டுக்கோ."

மூன்று மணிக்குப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. உடம்பைச் சவப்பெட்டிக்கு மாற்றும்போது அவள் வெள்ளைச் சட்டையின் இடது கையை மேலேற்றி, தைத்த இடத்தில் விரல் வைத்தாள். குளிர்ந்திருந்தது. சட்டைக் கையை இறக்கி, கை நுனிப் பொத்தானையும் மாட்டிவிட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. எங்கேயோ மேலே விமானப்படை விமானம் ஒன்று போக, பாஸ்டர் அது போகும்வரை ஜெபத்தை நிறுத்திவைத்தார். பிறகு பெட்டியை இறக்கினார்கள். அப்பா ஒரு பிடி மண் போட்டார். அவள் போட்டாள். தாரிக் போட்டான். பிரவின்குமார் கிட்டாரை மீட்ட, வாலிபர் சங்கம் பாட ஆரம்பித்தது. ரொம்பச் சுலபமான பாட்டு. இரண்டாவது வரிக்குள் மொத்தக் கூட்டமும் சன்னமாகக் கை தட்டத் தொடங்கிவிட்டது. அதற்காகத்தான் எழுதியதாக அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள்.

பல்லவி முடிந்தது. கூட்டத்தின் கைகளெல்லாம் ஒன்றாக விழுந்தன. குழியின் இந்தப் பக்கம் அவள் கையும், அந்தப் பக்கம் அப்பாவின் கையும் மட்டும் காற்றில் நின்று, பிந்தி விழுந்தன.

பிரவின்குமார் அதைக் கவனித்துவிட்டான். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தாளம் பிசகும் என்று அவனுக்குத் தெரியும். கிட்டாரை நிறுத்தாமல், பாட்டையும் விடாமல், அவளைப் பார்த்துப் பரிவோடு தலையை அசைத்து எண்ணிக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அவள் அவனுக்குத் தலையாட்டினாள். பாட்டு சுற்றிக்கொண்டு மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. கையை அரைத் தட்டு காற்றில் நிறுத்திக்கொண்டாள்.