மூன்றாவது சரணம்

எங்கள் ஊருக்கு ஃப்ரூன்ஸே என்று பெயர் இருந்த சோவியத் காலத்தில், இளைஞர் பத்திரிகையில் மாதக் கடைசி வியாழக்கிழமை பத்துப் பாட்டுகளின் பட்டியல் வரும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளைத் தபால் அட்டையில் எழுதிப் போடுவார்கள். எந்தப் பாட்டுக்கு அட்டை அதிகமோ அது முதலிடம். ஆனால் ஜனங்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே வரும் இரண்டு வரி விமர்சனத்துக்காகக் காத்திருந்தார்கள். அதன் அடியில் ‘காது’ என்று மட்டும் போட்டிருக்கும்.

‘ஆரஞ்சுக் குடை’ என்று ஒரு பாட்டு வீதியெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோது காது இப்படி எழுதியது: “நான்கு நிமிடப் பாட்டில் குடை பத்தொன்பது முறை வருகிறது. மழை ஒரு முறைகூட வரவில்லை.” ‘அவளுக்கு ஒரு தந்தி’ முதலிடம் பிடித்த மாதம்: “இவ்வளவு நீளத் தந்தியை எந்தத் தபால் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள்?” தொழிற்சாலை உணவகங்களில் இந்த வரிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காது ஒரு ஆண், ஐம்பது வயதுக்காரர், இசைப் பள்ளியில் வேலை போனவர் என்றெல்லாம் வதந்தி.

காது உண்மையில் கடிதப் பிரிவில் வேலை பார்த்த புருல் என்ற இருபத்துநான்கு வயதுப் பெண். அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: ஆசிரியர், தட்டச்சு செய்த நாஸிரா.

புருல் தினமும் காலையில் ஓஷ் சந்தைக்கு முந்தைய நிறுத்தத்தில், மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ் ஏறுவாள். ஓட்டுநர் எட்கர் பென்னர். கான்ட் ஊர்ப் பக்கத்தில் தலைமுறைகளாக இருந்துவந்த ஜெர்மன்காரர்களில் ஒருவன், உயரம், மணல் நிறத் தலைமுடி. டிக்கெட் கொடுக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பழக்கம் ஆரம்பித்தது. டிக்கெட்டில் இருக்கும் ஆறு எண்களில் முதல் மூன்று எண்களின் கூட்டும் கடைசி மூன்று எண்களின் கூட்டும் சமமாக வந்தால் அது அதிர்ஷ்ட டிக்கெட் என்று எங்கள் ஊரில் வாயில் போட்டு மென்றுவிடுவார்கள். எட்கர் அப்படிப்பட்ட டிக்கெட்டாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வைப்பான்.

“இன்னிக்கும் அதிர்ஷ்டமா? வயிறு என்னத்துக்கு ஆகும்?” என்பாள் அவள்.

“தின்ன வேணாம். வச்சுக்கோ” என்பான்.

டிப்போ கலாமன்றத்தில் எட்கருக்கு ஒரு இசைக்குழு இருந்தது. அவன் எழுதிப் பாடிய ஒரு பாட்டை 1982 கோடையில் நகர வானொலி பதிவு செய்தது. பாட்டின் பெயர் ‘ஓஷ் சந்தைக்கு முந்தைய நிறுத்தம்’. ஒரு ஓட்டுநர், ஒரு நிறுத்தம், அங்கே ஏறும் ஒரு பெண். அவ்வளவுதான் விஷயம். மாஸ்கோப் பாட்டுகளும் தாஷ்கண்ட் பாட்டுகளும் நிறைந்த பட்டியலில், ஆகஸ்டு மாதம் அது மூன்றாம் இடத்துக்கு வந்தது.

புருல் விமர்சனம் எழுத உட்கார்ந்தாள். ஒன்பது வரி எழுதினாள். நாஸிராவிடம் கொடுத்தாள். நாஸிரா படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏய், இதுக்குக் கீழ காதுன்னு போட்டா எவனும் நம்ப மாட்டான். பேசாம புருல்னே போட்டுடு” என்று கண்ணடித்தாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் புருலுக்கு முகம் சிவந்துவிட்டது. தாளை வாங்கி மறுபடி படித்தாள். ஊரே படிக்கப்போகிறது, ஊரே கண்டுபிடிக்கப்போகிறது என்று தோன்றியது. கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். வேறு தாளில் நின்றபடியே எழுதினாள்: “பையனுக்குக் குரல் இருக்கிறது. ஆனால் மூன்றாவது சரணத்தில் ஓட்டுநரே தூங்கிவிடுகிறார். பயணிகள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொள்வது நல்லது.”

“முதல்ல எழுதினதையே போடுடி” என்றாள் நாஸிரா.

“டைப் பண்ணு” என்றாள் புருல்.

வெள்ளிக்கிழமை காலையில் எட்கரின் வண்டி நெரிசலாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு மாணவன் குரல் கொடுத்தான்: “அண்ணே, ஒரு நிறுத்தம் முன்னாலயே நிறுத்துங்க, எல்லாரும் இறங்கிக்கிறோம்!” வண்டியே சிரித்தது. எட்கரும் சிரித்தான். சின்ன ஜன்னல் வழியாகப் புருலைப் பார்த்துக் கேட்டான்.

“நீயும் அங்கதானே வேலை பாக்குறே? யாரு அந்தக் காது?”

“எனக்கென்ன தெரியும்? நான் கடிதப் பிரிவு.”

“சரி, விடு. உனக்குப் பாட்டு எப்படி இருந்துச்சு?”

“நல்லாருக்கு” என்றாள் புருல். அந்த ஒரு வார்த்தையோடு ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் வேறு தெருவழியாக நடந்து போய்ப் பேருந்து பிடித்தாள். அக்டோபரில் டிப்போ கலாமன்றக் கச்சேரிக்கு எட்கர் இரண்டு அழைப்புச் சீட்டுகளை அலுவலக வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். நாஸிரா போனாள். புருல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேலை எதுவும் இல்லை. காலியான அலுவலகத்தில் உட்கார்ந்து தபால் அட்டைகளை எண்ணினதையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். புருல் ஒரு நிலவியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். எட்கர் லில்லி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, தொண்ணூறாம் வருடம் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான். ஊரிலிருந்த ஜெர்மன்காரர்கள் தெருத்தெருவாகக் கிளம்பிய வருடம் அது. ஊரின் பெயர் பிஷ்கேக் ஆனது. பத்திரிகை நின்றுபோனது. புருலின் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. டிராலிபஸ்கூட இப்போது ஊரில் ஓடுவதில்லை.

போன வருடம் நாஸிரா அவளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். பழைய ஃப்ரூன்ஸேக்காரர்கள் குழு. ஹைஃபாவில் இருக்கும் ஃபீமா என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர்தான் நடத்துகிறார். அவருடைய அம்மா கத்தரித்து வைத்த பத்திரிகைப் பட்டியல்கள் முழுவதும் அவரிடம் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து ஒரு பாட்டைப் போடுவார். எல்லாரும் கேட்டுவிட்டுப் பத்துக்கு எத்தனை மார்க், ஏன் என்று குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

“ஆரஞ்சுக் குடைக்கு எட்டு” என்றார் ஃபீமா. “என் கல்யாணத்துல இதைத்தான் போட்டாங்க. கல்யாணத்துக்கு எத்தனை மார்க்னு மட்டும் கேக்காதீங்க.”

ஓம்ஸ்கில் இருக்கும் ஒரு அம்மாள் எல்லாவற்றுக்கும் பத்து கொடுத்தாள். “அப்ப எனக்கு முழங்கால் வலி கிடையாது. அதுக்கே பத்து கொடுக்கலாம்” என்றாள்.

புருல் அதிகம் பேசவில்லை. நாலு, ஆறு என்று எண்ணை மட்டும் போடுவாள். உறுப்பினர் பட்டியலில் எட்கர் பென்னர் என்ற பெயரை முதல் நாளே பார்த்துவிட்டாள். படத்தில் ஒரு செர்ரி மரம் மட்டும் இருந்தது. அவன் எந்தப் பாட்டைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஃபீமா அந்தப் பாட்டைப் போட்டார். வானொலிப் பதிவு, இரைச்சலோடு. கூடவே பத்திரிகைத் துண்டின் படம். “நம்ம குழுவிலேயே இருக்காரு ஒரு நட்சத்திரம்!” என்று எழுதியிருந்தார். “எட்கர், வாயைத் திறய்யா. நண்பர்களே, காது என்ன சொல்லியிருக்குன்னு படிங்க. ஒரு நிறுத்தம் முன்னாலயே இறங்கணுமாம்!”

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அன்றைக்கு வண்டியிலேயே இருந்ததாக ஒருவர் சொன்னார்.

புருல் சமையலறையில் நின்று பாட்டைக் கேட்டாள். நாற்பத்துச் சொச்சம் வருடங்களில் அதை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைத்துவிட்டு, துடைக்காமல், போனை எடுத்தாள்.

“நான் புருல் பேசுறேன். அந்தக் காது நான்தான்” என்றாள். “எல்லாரும் சிரிச்சீங்க, சரி. சிரிக்கத்தான் எழுதினேன். ஆனா அது என் கருத்து இல்ல. என் கருத்தை ஒன்பது வரி எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டேன். இப்ப சொல்றேன். இந்தப் பாட்டுல அவரு சத்தம் போடவே இல்ல. அந்த வருஷம் பாடுனவங்க எல்லாரும் ஏதோ மைதானத்துல நின்னு கத்துற மாதிரி பாடுனாங்க. இவரு பக்கத்து சீட்டுல இருக்குறவகிட்ட சொல்ற மாதிரி பாடுறாரு. கிதார் கொஞ்சம் பிந்தி வருது. அது தப்பில்ல, வேணும்னு பண்ணினது. யாருக்காகவோ நின்னுட்டு அப்புறம் கிளம்புற மாதிரி. பட்டியல்ல இருந்த பத்துல இது ஒண்ணுதான் நிஜமாவே ஒரு ஆளைப் பத்தின பாட்டு. பத்துக்குப் பத்து. மன்னிச்சுக்கோ, எட்கர்.”

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாஸிரா வீட்டில் புருல் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மனி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“எனக்குத் தெரியும், புருல்” என்றான், வணக்கம்கூடச் சொல்லாமல். குரல் தடித்திருந்தது. “அந்த வாரமே தெரியும். நாஸிரா சொல்லிட்டா.”

புருல் எதிரே இருந்த நாஸிராவைப் பார்த்தாள். நாஸிரா ஜாம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிழிச்சதையும் சொன்னாளா?”

“ஒண்ணைக் கிழிச்சுட்டு இன்னொண்ணு எழுதினான்னு சொன்னா. அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். அதை அவகிட்டயே கேளுன்னுட்டா.”

“ஏன் கேக்கல?”

“நீ வண்டியில ஏறலையே. எங்க கேக்கறது?” அவன் சிரித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். “எது நிஜம்னு எனக்குத் தெரியல. அச்சுல வந்ததா, கிழிச்சதா? நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ரொம்ப நாள் இருந்தேன்.”

புருல் டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“ஆனா ஒண்ணு. மூணாவது சரணம் பத்தி நீ எழுதினது சரி” என்றான் எட்கர். “நிஜமாவே தூங்கித்தான் போயிருந்தேன். மாத்தி எழுதினேன். அக்டோபர் கச்சேரியில அதைத்தான் பாடினேன். நீ வருவேன்னு.”

“எப்படி மாத்தினே? பாடேன்.”

“இந்தத் தொண்டையிலயா?”

“பாடு, எட்கர்.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடாமல், ராகத்தோடு சொன்னான்:

“கதவு திறந்தே இருக்கட்டும், குளிர் உள்ளே வந்தால் வரட்டும்,
கால அட்டவணை என்னைத் திட்டட்டும், ஒரே ஒரு நிமிடம் பிந்தட்டும்…”

“அப்புறம்?”

“இன்னும் ரெண்டு வரி உண்டு. ஞாபகம் இல்ல.”

“எழுதி வைக்கலையா?”

“நோட்டு எல்லாம் அங்கேயே போச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு பெட்டிதான் எடுத்துக்கிட்டு வந்தோம். எப்படி இருக்கு, சொல்லு. காதாவே சொல்லு.”

“முதல் வரி நல்லாருக்கு. ரெண்டாவதுல ‘ஒரே ஒரு’ அதிகம். ‘ஒரு’ போதும்.”

எட்கர் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. “ஃப்ரூன்ஸேக்காரங்க, லில்லி. வர்றேன்” என்று அவளுக்குச் சொன்னான். புருலிடம், “சூப் எடுத்து வச்சுட்டாங்க” என்றான். “மிச்சம் ஞாபகம் வந்தா அனுப்புறேன்.”

போனை வைத்ததும் நாஸிரா அவசரமாகப் பேசினாள். “திட்டுறதுன்னா திட்டிடு. நான் சொன்னது தப்புதான்.”

“சொன்னதுக்குத் திட்டல” என்றாள் புருல். “சொன்னேன்னு என்கிட்ட சொல்லலையே, அதுக்குத்தான். கச்சேரிக்கு நீ போனியே, நீ கேட்டிருப்பியே. அந்த ரெண்டு வரி என்ன?”

நாஸிரா யோசித்தாள். கண்ணை மூடிக்கூட யோசித்தாள். “கேட்டேன்டி. எல்லாரும் கை தட்டினாங்க, அது ஞாபகம் இருக்கு. அவன் வாசப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தான், அதுவும் இருக்கு. வரி ஞாபகம் இல்ல. நான் என்ன காதா?”

கோடை முழுவதும் குழுவில் பாட்டுகள் வந்தன. எட்கர் இப்போது மார்க் போட ஆரம்பித்திருந்தான். புருலும் முன்னைப் போலச் சுருக்கென்று பேசினாள். அவள் ஒரு பாட்டைக் கிண்டலடித்தால் ஃபீமா குரல் பதிவு முழுக்கச் சிரித்தார். தனியாக இருக்கும்போது அவள் அந்த இரண்டு வரிகளைத் தானே எழுதிப் பார்த்தாள். குளிருக்கு எதுகையாக வைத்தாள், நிமிடத்துக்கு வைத்தாள். எதுவும் இருபத்தாறு வயது ஓட்டுநர் எழுதியது மாதிரி இல்லை. அறுபத்தேழு வயதுப் பெண் எழுதியது மாதிரியே இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், சந்தையிலிருந்து முலாம்பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரும்போது, போன் அதிர்ந்தது. வழியில் பழத்தை ஒரு மதில்மேல் வைத்துவிட்டுப் பார்த்தாள். எட்கர். எழுத்தில்தான் அனுப்பியிருந்தான்.

“பல் தேய்க்கும்போது மூணாவது வரி வந்துச்சு: உன் கோட்டு மாதிரியே ஒன்று போட்டுக்கொண்டு யாரோ ஓடி வருகிறார்கள். நாலாவது இன்னும் வரல.”

புருல் அந்த இடத்திலேயே நின்று மூன்று வரிகளையும் வாய்க்குள் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். அந்த வருடம் அவள் போட்டிருந்தது நீலக் கோட்டு. ஊரில் பாதிப் பெண்கள் அதையே போட்டிருந்தார்கள், கடையில் அது ஒன்றுதான் கிடைத்தது. ஓடி வந்தவள் யாரென்று தெரிந்ததும் அவன் கதவைச் சாத்தினானா, இல்லை இன்னும் ஒரு நிமிடம் நின்றானா என்பது நான்காவது வரியில்தான் இருந்திருக்க வேண்டும்.

“நல்லாருக்கு” என்று எழுதி, அதை அழித்தாள். “இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதுதான் நல்ல வரி. நாலாவது வர்ற வரைக்கும் எனக்கு அவசரம் இல்ல” என்று எழுதி அனுப்பினாள்.

அவசரம் இல்லை என்றது பொய். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதலில் அவள் போனைத்தான் பார்க்கிறாள்.