அரியலூருக்கு வந்த துறைமுக ஆபீசர்

"அதெல்லாம் சரிம்மா, இங்கேருந்து கடல் எவ்ளோ தூரம்?"னு ஆபீசர் கேட்டாரு பாருங்க, சிவரஞ்சனிக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு.

"நாலஞ்சு பஸ்ஸு மாறிப் போவணுங்க சார்."

"லைஃப் ஜாக்கெட்?"

"இங்க ஏரியே ரொம்பலிங்களே சார்."

அதையும் எழுதிக்கிட்டாரு மனுசன். கேள்வித்தாளு துறைமுகத்துக்கு அடிச்சது, இவரு வந்தது அரியலூர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு மாடி ரூமுக்கு. இங்கேருந்துதான் சிமெண்டு லோடு கப்பலுக்குப் போவும். எந்தக் கப்பலுக்கு எத்தனை மூட்டைன்னு போன் லைன் வழியா துறைமுகத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்துறது செந்துறைக்காரி சிவரஞ்சனி. அந்த லைன்ல திருடன் பூந்துடுவானோன்னு 2004லதான் சர்க்காருக்கு முழிப்பு வந்துச்சு. செக்கிங் வந்த ஆபீசர் ஃபெயில் போட்டா லைன் கட்டு. லைன் போனா இவ வேலையும் போச்சு, திரும்ப செந்துறையில கடலைக்கொல்லைதான்.

"கடைசிக் கேள்வி. வெளி ஃப்ளாப்பி போட வுடுவீங்களா?"

"மாட்டோங்க சார்."

"வெரி குட்." டிக் போட்டாரு. போட்ட கையோட பையிலேருந்து ஒரு ஃப்ளாப்பிய நீட்டினாரு. "ரிப்போர்ட் இதுலதான் இருக்கு. போடும்மா, அடிச்சிட்டுக் கிளம்புறேன்."

"சார், இது வெளி ஃப்ளாப்பிங்களே."

"இது கவர்மெண்ட் ஃப்ளாப்பி!"

"அது வைரஸுக்குத் தெரியாதுங்களே சார்."

"ஒத்துழைக்கலைன்னு எழுதவா?"

முதலாளி அய்யம்பெருமாள் பதறிக்கிட்டு ஓடியாந்தாரு. "ஏ புள்ள, தேடி வந்த ஆபீசர்கிட்ட இப்படியா பேசுவ?" ஃப்ளாப்பிய ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. வெள்ளிக்கிழமை வேற. லாரி டயரானாலும் பேனாவானாலும் பொட்டு வைக்காம அவரு ஆபீஸ்ல எதுவும் வேலையைத் தொடங்காது. ஃப்ளாப்பியோட தகரத்து மேல கொழகொழன்னு சந்தனத்த அப்பி, குங்குமம் வச்சு, அப்படியே மிசினுக்குள்ள தள்ளிட்டாரு.

கர்ர்ர்... டக்.

ஆபீசர் இழுத்துப் பாத்தாரு. அய்யம்பெருமாள் நோண்டிப் பாத்தாரு. ம்ஹூம். ஃப்ளாப்பி மாட்டினது மாட்டினதுதான்.

ஆபீசருக்கு வேர்த்து ஊத்துது. வெளி ஃப்ளாப்பிய போடச் சொன்னதே இவருன்னு மேல தெரிஞ்சா என்னாவுறது? வெள்ளத்தாள் ஒண்ணு வாங்கி மளமளன்னு எழுதினாரு: 'இக்கணினியில் வெளி ஃப்ளாப்பி எதையும் செலுத்த முடியாதபடி சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பாதுகாப்பு மிகவும் திருப்தி.'

வேலை தப்பிச்சுது. சிவரஞ்சனி மூச்சு வுட்டா.

திங்கக்கிழமை மெக்கானிக் மாயவன் புது ஃப்ளாப்பி டிரைவோட வந்து நிக்கிறான். "பழசக் கழட்டிட்டு மாட்டிடவாக்கா?"

"தொடாத!"ன்னு அய்யம்பெருமாள் கத்துறாரு. "சர்க்காரே பாஸ் போட்ட ஏற்பாடுடா அது!"

மாட்டினா சர்க்காரு எழுதிக்குடுத்த பாதுகாப்பு போயிடும், அடுத்த செக்கிங்ல இவ வேலையும் போவும். மாட்டலைன்னா, ஆபீசரோட வெளி ஃப்ளாப்பி, வைரஸ் இருக்கோ இல்லியோ, காலத்துக்கும் உள்ளயே குந்திக்கிட்டு இருக்கும். மாயவன் ஸ்குரூடிரைவரோட இவ மூஞ்சியவே பாக்குறான். நீங்களா இருந்தா என்னங்க சொல்லுவீங்க, மாட்டுன்னா, வேணாம்னா?