மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. போன வாரம் என் மனைவி, அவள் அம்மாவின் போனில் இடம் போதவில்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது.

"அம்மா, என்ன இது? வெறும் கதவை எடுத்து வெச்சிருக்க?"

"அது கிடக்கட்டும். அழிக்காத."

"ரயில் கதவும்மா. இதுல என்ன இருக்கு?"

"கதவு நல்லா இருந்துச்சு, எடுத்தேன். உனக்கென்ன?"

பக்கத்து அறையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் படத்தை எடுத்தது அத்தை இல்லை, நான். உற்றுப் பார்த்தால் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அத்தை இருப்பார், வாயைத் திறந்தபடி. என்னைக் காப்பாற்றுவதற்காக என் மாமியார் பொய் சொன்னார். இதை எழுதாமல் விட்டால் நான் என்ன எழுத்தாளன்!

ஒரே ஒரு சிக்கல். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அத்தையின் சம்மதம் வேண்டும். அத்தையிடம் எதைக் கேட்பதென்றாலும் மனைவி மூலமாகத்தான் கேட்பேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். இதுவோ மனைவிக்குத் தெரியக் கூடாத விஷயம். ஆக, இந்தக் கதை வெளியே வருமா வராதா என்பது எனக்கே தெரியாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் பயணக் கட்டுரை மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன்.

*பெருநகரம் என்பது ஒரு—*

(எதுவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். "என்பது ஒரு" என்று கிளம்பிய வாக்கியம் ஊர் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.)

பிறகு மர்மக் கதை மாதிரி.

*அன்று மதியம் ஒரு பெண்மணி காணாமல்—*

(இதுவும் ஆகாது. "காணாமப் போனது நானா, அவரா?" என்பார் அத்தை. என்னிடம் அல்ல, சுவரிடம்.)

நேராகவே சொல்கிறேன். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். புது மிஷின் ஒன்றுக்குப் பயிற்சி என்று பெரிய நகரத்துக்கு மூன்று நாள் அனுப்பினார்கள். "அம்மா அந்த ஊரைப் பார்த்ததே இல்ல. நீங்களும் வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்றாள். (எழுதுவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.) நான் பயிற்சிக்குப் போயிடுவேன், நீங்க ரெண்டு பேரும் சுத்திப் பாருங்க என்று ஏற்பாடு.

ரெண்டு பேரும் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

3

அத்தையைப் பற்றி. தையல்கடை வைத்திருந்தவர். இப்போது எங்கள் வீட்டிலேயே இருந்து தைக்கிறார். யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டையைத்தான் பார்ப்பார். எனக்கும் அவருக்கும் சண்டை, மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் கூச்சம். கூச்சம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேளு" என்பார் மகளிடம். "போதும்னு சொல்லு" என்பேன் நான். இரண்டுக்கும் நடுவில் மகள் கரண்டியோடு நிற்பாள்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இப்படி ஒருத்தர் இருப்பாரா என்று வாசகர் கேட்பாரே! பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதுல என்ன இருக்கு? எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றார். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

முதல் நாள் காலையில் நடுவில் மகள் இல்லை. மாடி பஸ்ஸில் மேலே ஏறி உட்கார்ந்தோம், நடுவில் ஒரு சீட் காலி. அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் ஊரைப் பார்த்தோம். பிறகு அத்தை போனை எடுத்தார்.

"ஏண்டி, மாப்பிள்ளை வெயில்ல உக்காந்திருக்கார். இந்தப் பக்கம் நிழல் இருக்குன்னு சொல்லு."

"அம்மா! பக்கத்துலதானே இருக்கார்? கிளாஸ் நடக்குதும்மா, வைம்மா."

அதற்குப் பிறகுதான் அத்தை காற்றோடு பேசத் தொடங்கினார். "தண்ணி வாங்கி வெச்சுக்கிட்டா நல்லது" என்பார் பஸ் கம்பியிடம். பஸ் நிற்கிற இடத்தில் நான் இறங்கிப் போய் வாங்கி வருவேன். "அடுத்து மியூசியம் போலாம்னு தோணுது" என்று நான் தெருவிளக்கிடம் சொல்வேன். அத்தை செருப்பை மாட்டிக்கொள்வார்.

இப்படியே ஊரைச் சுற்றினோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாக இருந்தது. மியூசியத்தில் ஆளுயர ராஜா படத்தின் முன்னால் எல்லாரும் வாயடைத்து நிற்க, அத்தை மட்டும், "சட்டைக்குக் கை ஏத்தினது சரியில்ல, அக்குள்ல இழுக்குது பாரு" என்றார் பொதுவாக. காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரும் ராஜாவின் அக்குளைப் பார்த்தார். ஊரிலேயே உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போனோம். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, காது அடைக்க லிஃப்டில் ஏறி, நகரம் முழுக்கக் காலடியில் கிடக்கிறது. அத்தை சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை வீடு, துணி காயப்போட ஒரு இடம் இல்லையே" என்று வருத்தப்பட்டார். என் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருந்த நாலு வரி வர்ணனையை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

4

மூன்றாம் நாள். மனைவிக்கு அன்று மதியம் தேர்வு. ஐந்து மணி வரை போனை அணைத்துத்தான் வைக்க வேண்டும். "அம்மாவைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் மெட்ரோவில் ஏறினோம். ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், சாயங்காலம் மூன்று பேரும் படகில் போவதாக ஏற்பாடு. அது ஆரம்ப ஸ்டேஷன், ரயில் காலியாக நின்றுகொண்டிருந்தது. அத்தைக்கு அந்த ரயில் பிடித்துவிட்டது. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தன் போனை சீட்டில் வைத்து, "வண்டிக்குள்ள நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் கூரையிடம்.

நான் போனை எடுத்தேன். முழு உருவமும் வர வேண்டுமே என்று ஓரடி பின்னால் போனேன். இன்னும் ஓரடி. பிளாட்பாரத்தில் இருந்தேன்.

நான் பட்டனை அழுத்தவும் கதவு மூடிக்கொள்ளவும் சரியாக இருந்தது.

அந்தப் படம்தான் அது. அத்தை ஏதோ கத்துகிறார். நானும் கத்தினேன். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

என் கையில் அத்தையின் போன். மகளின் நம்பர் அத்தைக்கு மனப்பாடம் இல்லை, படத்தை அழுத்தினால் போகும், அவ்வளவுதான் தெரியும். தங்கியிருக்கும் விடுதியின் பெயரை நான் இரண்டு நாளாக அவரிடம் சொன்னதேயில்லை. எப்படிச் சொல்லியிருக்க முடியும், நாங்கள்தான் பேசுவதில்லையே! எனக்குக் கை கால் ஓடவில்லை.

5

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் கட்டுரை எழுதலாம் என்று— (வேண்டாம். அத்தை ரயிலில் தனியாகப் போய்க்கொண்டிருக்கும்போது கட்டுரை என்ன வேண்டிக்கிடக்கிறது.)

அடுத்த ரயிலைப் பிடித்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்பார் என்பது என் கணக்கு. பாதி வழியில் சிக்னலுக்காக ரயில் நின்றது. எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வந்து நின்றது. அதன் ஜன்னலில் அத்தை.

அவர் என்னைத் தேடித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

நான் கையைக் காட்டினேன்: அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன். அதே நேரத்தில் அவரும் கையைக் காட்டினார்: அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். இரண்டு ரயிலும் கிளம்பிவிட்டன.

இப்போது சொல்லுங்கள், யார் நிற்பது, யார் வருவது? அவர் பேச்சைக் கேட்டு நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நின்றேன். என் பேச்சைக் கேட்டு அவர் நாங்கள் ஏறிய ஸ்டேஷனில் நின்றார். மரியாதை தெரிந்த குடும்பம். ஒரு ரயில் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது.

கிளம்பிப் போகலாம் என்று கால் எழும். நான் போகிற நேரம் பார்த்து அவர் இங்கே வந்தால்? உட்கார்ந்துவிடுவேன். எத்தனையோ பாத்திரங்களை எழுதியிருக்கிறேன், யார் எந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரே வீட்டில் இருக்கிற இவர் இப்போது என்ன செய்வார் என்று தெரியவில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கதவுகளிலிருந்து விலகி நிற்கவும் என்று நாளெல்லாம் சொல்கிற அதே பெண் குரல்.

"பயணிகளின் கவனத்திற்கு. இந்த நிலையத்தில் இருக்கும் மாப்பிள்ளை, நின்ற இடத்திலேயே நிற்கவும். அவருடைய மாமியார் அடுத்த ரயிலில் வருகிறார்."

பிளாட்பாரத்தில் நாலைந்து ஆண்கள் சட்டென்று நின்றுவிட்டார்கள். டை கட்டிய ஒருவர் தூக்கிய காலை அப்படியே இறக்கினார். வயதான ஒருவர் மனைவியிடம், "என்னையா?" என்று கேட்க, "எங்கம்மா போய் எவ்வளவு காலமாச்சு, நடங்க" என்றார் அந்த அம்மாள்.

குரல் கொஞ்சம் தயங்கியது. யாரோ பக்கத்தில் சொல்லிக்கொடுப்பது மெல்லக் கேட்டது.

"பெயர்... பெயர் சொல்ல மாட்டாராம். மாப்பிள்ளை என்றால் அவருக்குத் தெரியுமாம். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அவருடைய பையில் சைடு ஜிப்பில் [திருத்தம்: நடு ஜிப்பில்] பிஸ்கட் இருக்கிறதாம். சாப்பிடச் சொல்கிறார். நன்றி."

ஜிப்பைத் திறந்தேன். இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அத்தனை பேர் பார்க்க, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். அத்தைக்கு என்ன செய்யத் தெரியும் என்று யோசித்தேனே, நடுவில் ஓர் ஆளை வைத்துப் பேசத் தெரியும். மகள் கிடைக்கவில்லை, மெட்ரோவைப் பிடித்துக்கொண்டார்.

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ரயில் வந்து நின்றது. அத்தை ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். (படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பச்சைப் பொய்.)

(ஆ) "அத்தை!" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். (இதுவும் பொய். கூப்பிட்டது கதவு மூடியபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பேசாதவர் அத்தை என்றே இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். நான் மட்டும் பேசினேனா? எழுத்தில் அத்தை அத்தை என்று தாராளமாக வருகிறது, வாயில் வருவதில்லை.)

(இ) நடந்தது. அத்தை இறங்கினார். அளவெடுப்பது போல என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். சட்டையில் பிஸ்கட் தூள். பக்கத்துத் தூணிடம், "பரவால்ல, சாப்பிட்டாச்சு போல" என்றார்.

நான் அதே தூணிடம், "பாதி பாக்கெட் மிச்சம் இருக்கு" என்றேன்.

அத்தை கையை நீட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டோம். இந்தத் தடவை நடுவில் காலி சீட் விடவில்லை, அதை அப்போது நான் கவனிக்கவில்லை. தூளைத் தட்டிவிட்டு அத்தை தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார்: "இதைப் போய் அவகிட்ட சொல்லணும்னு ஒண்ணும் இல்ல."

"எதுக்குச் சொல்லணும்" என்றேன் நானும் தண்டவாளத்திடம்.

சாயங்காலம் படகில், விளக்கு போட்ட நகரம் இரண்டு கரையிலும் போய்க்கொண்டிருந்தது. மனைவி நடுவில் உட்கார்ந்து, "என்ன, இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" என்றாள்.

"நல்லாப் போச்சு" என்றோம், இரண்டு பேரும் ஒரே மூச்சில். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

7

எழுதி முடித்தாயிற்று. மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள். முன்னறையில் தையல் மிஷின் ஓடுகிறது. சுவரைப் பார்த்து, "யாராவது சம்மதம் சொன்னா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் சம்மதத்தை அப்படிக் கேட்கக் கூடாது, அது எனக்கே தெரிகிறது. கதை வெளிவந்தால் மனைவி படிக்க மாட்டாள், அவளுடைய பரிசோதனைக் கூடமே படித்துவிட்டு அவளிடம் சொல்லும். அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் வேண்டும்.

தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது. மிஷின் நிற்கிறது. நான் வாயைத் திறந்து—

இதை நீங்கள் படிக்கிறீர்கள் அல்லவா? அப்படியென்றால் கேட்டுவிட்டேன், அவரும் சரி என்றுவிட்டார். முதல் வார்த்தையாக நான் என்ன சொன்னேன், அவர் யாரைப் பார்த்துச் சரி என்றார், என்னையா மிஷினையா, இதையெல்லாம் உங்களிடமே விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் எப்படியோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லலாம். பிஸ்கட் இருந்தது சைடு ஜிப்பில் இல்லையாம், நடு ஜிப்பிலாம். திருத்திவிட்டேன். அந்தத் திருத்தம் எனக்கு யார் மூலமாகவும் வரவில்லை.