மூன்றாவது பின்னல்

என் முயல்கள் அந்தக் கோடையை இடுகாட்டுப் புல்லைத் தின்றுதான் தாண்டின. இதைக் கேட்டதும் என் நாத்தனார், "அய்யய்யோ, அண்ணி!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொள்ளட்டும். அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து ஒரு முள்ளங்கி இலைகூட என் கொட்டகைக்கு வந்தது கிடையாது. வாயால் வளர்ப்பதென்றால் ஊரே முயல் வளர்க்கும்.

முயலுக்கு வயிறுதான் உயிர். மாடு மாதிரி ஒரு நாள் பட்டினி கிடந்து மறுநாள் தின்று சரிக்கட்டாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் முயலும் நின்றுவிடும். அதற்குக் காய்ந்த புல் எந்நேரமும் வேண்டும், கொஞ்சம் பச்சைத் தழை வேண்டும், பால் கொடுக்கிற தாய்க்குக் கடையில் விற்கிற குச்சித் தீவனமும் வேண்டும். அந்த வருஷம் மழை ஏமாற்றியதும் தீவனக் கடைக்காரன் மூட்டை விலையை ஏற்றிவிட்டு, "நான் என்னக்கா பண்றது, மேல இருந்தே ஏத்திட்டாங்க" என்று கூரையைக் காட்டினான். கூரையில் பல்லிதான் இருந்தது.

குச்சித் தீவனத்தைக் குறைத்துத் தவிடும் மக்காச்சோள நொய்யும் பிசைந்து வைத்தேன். காய்கறிச் சந்தை மூடும் நேரத்துக்குப் போய்க் காலிஃபிளவர் இலையும் கேரட் தழையும் பொறுக்கினேன். கொஞ்ச நாளில் அதற்கும் போட்டி வந்துவிட்டது. ஆடு வளர்ப்பவர்கள் எனக்கு முன்னால் சாக்கோடு நின்றார்கள். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு புல் கட்டு வாங்கினேன். உள்ளே பூசணம் பிடித்திருந்தது. கவனிப்பதற்குள் இரண்டு முயல் வயிறு உப்பிச் செத்தன.

அப்போதுதான் இடுகாடு ஞாபகத்துக்கு வந்தது. மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு. என் மகள் அங்கேதான் இருக்கிறாள்.

அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாள் என்று அவள் அப்பா வைத்த பெயர். முந்தின வருஷம் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் சொல்லவில்லை. அவர் பால் வண்டி ஓட்டுகிறார். காலையில் போய் மதியம் வருவார். முன்பே பேச்சு குறைவு. பிறகு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆகிவிட்டார்.

கொட்டகையில் மட்டும் பேர் சொல்லாமலே அவள் ஞாபகம் இருந்தது, பின்னலாக. அவள் இருந்தபோது, காலையில் பள்ளிக்கூடத்துக்கு நான் அவளுக்குத் தலை பின்னுவேன். அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு புல்லைப் பின்னுவாள். மூன்று பிரியாக, மூன்று கால் எடுத்து, ஜடை மாதிரி. புல்லைச் சும்மா போட்டால் முயல் பாதியை மிதித்து மூத்திரத்தில் நனைத்து வீணாக்கும். ஜடையாகப் பின்னிக் கம்பியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு இழையாக இழுத்துத் தின்னும், ஒரு துரும்பு கீழே விழாது. நுனியில் முடிச்சுப் போட மாட்டாள். "முடிச்சு போட்டா அதுக்குப் பல்லு மாட்டும்மா" என்று மடித்துச் செருகிவிடுவாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்தாள்.

ஆனால் ஒரு தப்பு செய்வாள். ஒவ்வொரு ஜடையிலும் மூன்றாவது பின்னல் வரும்போது தலையைத் தூக்கிக் கருப்பியைப் பார்ப்பாள். கருப்பி அவள் சொட்டுப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த பெண் முயல். பார்த்துவிட்டு, எடுத்த காலையே மறுபடியும் எடுப்பாள். அந்த இடத்தில் ஜடை புடைத்துக்கொள்ளும். "மூணாவதுல உன் கவனம் எங்கடி போகுது? பிரிச்சுப் பின்னு" என்று தலையில் தட்டுவேன். பிரித்துப் பின்னுவாள். மறுபடியும் அங்கேயே புடைக்கும்.

இடுகாட்டுக் காவல்காரர் நான் அரிவாளோடு போய் நின்றதும் சிரித்தார். "எடுத்துக்கோ தங்கச்சி, தாராளமா எடுத்துக்கோ. புல்லு மண்டிக் கிடக்குன்னு என்னைத்தான் திட்றாங்க. இங்க இருக்கிறவங்க யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

மருந்தடிக்காத புல். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு போவேன். ஈரப் புல் தின்றால் வயிறு ஊதும். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு நிமிஷம் நின்று, மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அறுப்பேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். அது எதுவென்று காவல்காரருக்கும் தெரியும். கேட்கவில்லை.

கோடை முற்ற முற்ற இடுகாடும் காய்ந்தது. அறுத்த இடம் துளிர்க்கவில்லை. அவள் இடம் மட்டும் பச்சையாக நின்றது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் குழாய் இருக்கிறது, அது என்றைக்கும் ஒழுகும். பச்சைக்கு நான் பயப்படவில்லை.

ஒரு நாள் காலையில் அந்தப் பச்சைக்குள் ஒரு ஜடை இருந்தது. அறுத்துப் பின்னியதில்லை. வேரோடு நிற்கிற புல், மூன்று கால் பிரித்து, மேலே வரைக்கும் பின்னி, நுனி மடித்துச் செருகியிருந்தது. நான் கிட்டே போகவில்லை, எட்டி நின்றே பார்த்தேன். பிறகு புரிந்தது. அவர்தான். இந்த மனுஷன்தான்.

அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு இந்தப் பக்கமே வராதவர் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் மதியத்தில் வந்து உட்கார்ந்து, பெண் பின்னின மாதிரியே பின்னிப் பார்க்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு எல்லாமே முதலில் கோபமாகத்தான் வரும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நான் என்ன வேற்று ஆளா? வீட்டுக்கு நடந்து வருவதற்குள் கோபம் கரைந்து அழுகையாகிவிட்டது. அன்று அவர் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

"என்ன, எனக்குச் சர்க்கரை வியாதி வரவழைக்கிறியா?" என்றார். குடித்துவிட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் ஜடைகள். நான் தொடவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவரும் என்னிடம் மெதுவாக நடந்துகொண்டார். ஒரு நாள் சின்ன டப்பாவில் களிம்பு வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். "விரலுக்குப் போட்டுக்கோ. புல்லு அறுக்கும்." அரிவாள் பிடித்த கைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கருப்பி குட்டி போட்டது. வயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை செய்து, ஆறு குட்டி. போட்ட நேரம் பொல்லாத நேரம். தவிட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வைக்கோலை மிதித்தது. குட்டிகளின் வயிறு பால் குடித்து உருண்டையாக இருக்க வேண்டும். தோல் சுருங்கிக் கிடந்தன. ஒன்று செத்துவிட்டது. மறுநாள் கருப்பியே மூலையில் ஒடுங்கி, காதுகள் சில்லிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வலியில் இருக்கிற முயல் அப்படித்தான் உட்காரும். அந்த வீட்டில் என் பெண்ணின் கை பட்டு வளர்ந்த உயிர் அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் கொட்டகையை இழுத்துப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது.

மதியம் அவர் வந்து கூண்டுக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அங்க புல்லு இருக்கே" என்றார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எங்க இருக்கு? சொல்லுங்க, எங்க இருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"உனக்குத் தெரியும்."

"பெத்த பொண்ணு தலைமேல அரிவாளை வைக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு மனசா, கல்லா? நீங்க உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பின்னினதை நானே அறுக்கணுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு பின்னினது?"

"நீங்கதான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"நான் எங்க பின்னினேன்? நீதானே பின்னுற?" என்றார். "தினம் மதியம் போறேன், தினம் ஒண்ணு புதுசா இருக்கு. காலையில நீ வந்து பின்னிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சேன். கருப்பிக்குன்னு பின்னிட்டு, அறுக்க மனசு வராம விட்டுட்டுப் போறியோன்னு... அதான் ஒண்ணும் கேக்கல. அதான் களிம்பு வாங்கிட்டு வந்தேன்."

அவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல்கள். அவருக்குப் பின்னத் தெரியாது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நான் ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தபோது சுண்டுவுக்குத் தலை பின்னுகிறேன் என்று மாட்டுக் கயிறு மாதிரி முறுக்கி அனுப்பினார். பள்ளிக்கூடமே சிரித்ததாம்.

கருப்பி மறுபடியும் பல்லைக் கடித்தது. அவர் அரிவாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "வா, போலாம்."

கேட்டில் காவல்காரர் எழுந்து நின்றார். நாங்கள் சேர்ந்து வருவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார் போல. "எங்க பொண்ணுகிட்ட வேற யாராவது வர்றாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"யாரு வரப்போறா தங்கச்சி. காலையில நீ, மதியம் இவரு. பொழுது சாஞ்சா நான் கேட்டைப் பூட்டிடுவேன்."

மதிய வெயில் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. அன்று காலையில் நான் பார்க்காத ஒரு ஜடை, நடுவில், குழாய்ப் பக்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் எட்டி நின்றே பார்த்திருக்கிறேன். அன்றுதான் மண்டியிட்டு, ஒரு ஜடையைக் கையில் எடுத்தேன். முதல் பின்னல் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் விரல் தட்டியது. புடைப்பு.

அடுத்ததை எடுத்தேன். மூன்றாவதில் புடைப்பு. எல்லாவற்றிலும் அங்கேயேதான்.

அவர் பின்னால் நின்று, "என்ன? என்ன?" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவருக்கும் தெரியும். தினமும் காலையில் நான் அதற்காகக் கத்துவதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் வண்டிச் சாவியைத் தேடுவார். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சுண்டு" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. பசித்த முயலுக்கு அவள் எடுத்து வைத்திருக்கிறாள், நான் வாங்காமல் நிற்கிறேன். "அம்மா எடுத்துக்கிறேன்டி" என்று சத்தமாகச் சொன்னேன். வேரிலிருந்து நான்கு விரல் விட்டு அறுத்தேன். ஒரு ஜடையும் பிரியாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

கம்பியில் தொங்கவிட்டதும் கருப்பியின் மூக்கு அசைந்தது. பிறகு எழுந்து வந்தது. ஒரு இழையை இழுத்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு இழை. இருட்டுவதற்குள் ஒரு ஜடையைப் புடைப்பு வரைக்கும் தின்றிருந்தது. இரண்டு நாளில் குட்டிகளின் வயிறு உருண்டது. ஐந்தும் பிழைத்தன.

ஆனால் ஜடைகள் நின்றுபோயின.

குழாய் ஒழுகியது, புல் வளர்ந்தது. காலையில் நான் போனேன், மதியம் அவர் போனார். தலைவாராத பிள்ளை மாதிரி புல் சும்மா நின்றது. அறுத்ததுதான் தப்பா, அல்லது முயல் சாப்பிட்டாயிற்று என்று அவள் போய்விட்டாளா? கேட்டு யாரிடம் தெரிந்துகொள்வது? அதற்குள் மழையும் வந்துவிட்டது. எங்கும் புல்லாயிற்று, யாருக்கும் ஒன்றும் குறைவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. செத்தவளை இரண்டாம் தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

ஒரு சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். புல்லை மூன்று கால் பிரித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் எடுத்த காலையே மறுபடியும் எடுத்தேன்.

"தப்பாப் பின்றியே" என்றார் அவர்.

"தெரியும்" என்றேன். நுனியை மடித்துச் செருகினேன். அவளுடையது மாதிரியே புடைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் வெளியே வந்ததும் காவல்காரர் கேட்டைப் பூட்டினார்.

மறுநாள் வெயில் ஏறக் காத்திருக்கவில்லை, காவல்காரர் கேட்டைத் திறந்ததுமே போனேன். புல்லில் பனி இருந்தது, பாதம் நனைந்தது. என் ஜடை அதே இடத்தில் இருந்தது. குனிந்து விரலால் தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வழவழவென்று இறங்கியது. புடைப்பு இல்லை. யாரோ பிரித்து, ஒழுங்காகப் பின்னி, நுனியை மடித்துச் செருகியிருந்தார்கள்.

எத்தனை தடவை தலையில் தட்டியிருக்கிறேன் இதற்காக. கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து கண் தெரியாமல் அழுதேன்.

பிறகு அந்த ஜடையைப் பிரித்தேன். தப்பாகவே மறுபடியும் பின்னி வைத்தேன். நாளைக்கும் அவள் வந்து திருத்த வேண்டுமே.